பஸ்ஸில் வரும் நோய்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊருக்குக் கொண்டாட்டம். வண்ணமீன் கடைக்காரனுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்க ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் பகலிலும் வெயில் நிலைக்காது. சித்திரையில் 30 டிகிரி கிடந்த தொட்டித் தண்ணீர் 25-க்கு இறங்கும். விடியற்காலம் அதற்கும் கீழே போகும். கூட்டமும் அந்த மாதங்களில்தான். அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிற குடும்பம் தென்காசியில் வண்டியை நிறுத்தி, பிள்ளை அழுகிறது என்று இரண்டு கோல்டு ஃபிஷ்ஷைப் பையில் கட்டி வாங்கிப் போகும். சீசனுக்கு வெள்ளையடித்த லாட்ஜ்காரர், வரவேற்பறைத் தொட்டி வெறிச்சென்று இருக்கிறது என்பார். சரக்கு நிறைய வேண்டும், அடிக்கடி வேண்டும், வருகிற சரக்கு இறங்குவது குளிர்ந்த தண்ணீரில். வெள்ளைப்புள்ளி வருவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராலும் செய்து தர முடியாது.

வெள்ளைப்புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மருந்து எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த நோய்தான். ஃபூக்கே என்பவர் 1876-இல் பெயர் வைத்த ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இது, புத்தகத்தில் இக்தியோஃப்தீரியஸ். துடுப்பில் ரவை அளவுக்கு வெள்ளையாகத் தெரிவது, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து அது தின்றுகொண்டிருக்கும் பருவம். மேலே தோல் மூடியிருப்பதால் தண்ணீரில் ஊற்றுகிற மருந்து அதை எட்டாது. தின்று பெருத்ததும் மீனை விட்டு உதிர்ந்து, கூழாங்கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, மேலே ஓர் உறையைப் போர்த்தி, உள்ளுக்குள் பிரிய ஆரம்பிக்கும். ஒன்று சில நூறாகும், ஆயிரம்கூட ஆகும். உறையை விட்டு வெளியே வருகிற குஞ்சுகள் நீந்தித் திரிந்து ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் சாகும். நம் மருந்து கொல்வது நீந்தித் திரிகிற இந்தக் குஞ்சுகளை மட்டும்தான்.

கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் கதை ஒரே மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

"மருந்து ஊத்துன ரெண்டாம் நாளே புள்ளி எல்லாம் போயிட்டு அண்ணாச்சி. நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வாரம் பாத்தா உடம்பு பூரா வந்துட்டு."

புள்ளி போனது மருந்தால் அன்று; அது உதிர வேண்டிய நாள் வந்தது, உதிர்ந்தது. அவர் மருந்தை நிறுத்திய நேரத்தில் அடியில் உறைக்குள் ஆயிரம் குஞ்சு தயாராகிக்கொண்டிருந்தது. 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். தண்ணீர் குளிரக் குளிர நீளும்; 10 டிகிரியில் வாரக்கணக்கு. அதனால் நான் முதலில் ஹீட்டரைக் கையில் கொடுப்பேன். ஒரேயடியாக ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக 30 வரை கொண்டுபோனால் சுற்று வேகமாகும், குஞ்சு சீக்கிரம் வெளியே வரும், மருந்துக்கு அகப்படும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும் என்பதால் ஏர் பம்ப்பைக் கூட்டி வைக்க வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் விடாமல் தொடர வேண்டும். இந்தக் கடைசி வாரத்தை யாரும் செய்வதில்லை.

சரி, இந்த ஒட்டுண்ணி எங்கிருந்து வருகிறது? "உங்க ஊரு தண்ணி சரியில்ல" என்று வெளியூர்க்காரர் சொல்வார். "அருவித் தண்ணி குளிரு" என்று உள்ளூர்க்காரர் சொல்வார். குளிர் மீனின் எதிர்ப்பைத் தளர்த்தும், உண்மைதான். ஆனால் ஒட்டுண்ணியை உண்டாக்காது. அது பஸ்ஸில் வருகிறது.

எங்களுக்குச் சரக்கு பெரும்பாலும் சென்னைக் கொளத்தூர்தான். கொளத்தூரிலும் அதைச் சுற்றித் திருவள்ளூர் மாவட்ட ஊர்களிலும் வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறவர்கள் ஏராளம். மாலி ஒருவரிடம், ஏஞ்சல் இன்னொருவரிடம், கோல்டு ஃபிஷ் வேறொருவரிடம். எல்லாம் மொத்த வியாபாரியின் தொட்டிகளில் வந்து கலக்கும். டெட்ரா, டிஸ்கஸ் என்று கடல் தாண்டி வந்ததும் பக்கத்துத் தொட்டியில் இருக்கும். ஒரே வலை எல்லாத் தொட்டியிலும் இறங்கும். பிறகு ஒருநாள் இரண்டு நாள் பட்டினி போட்டு, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் அடைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் வைத்து ராத்திரி பஸ்ஸில் ஏற்றுவார்கள். 600 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கி வந்து விடியும்போது இங்கே இறங்கும். அந்தப் பெட்டிக்குள் எத்தனை வீட்டுத் தொட்டியின் தண்ணீர் இருக்கிறது என்று அனுப்பியவருக்கே தெரியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த விலைக்கு அந்த வேலைதான் நடக்கும்.

பையைத் திறப்பதிலேயே பாதி மீனைக் கொன்றுவிடலாம். ராத்திரி முழுக்க மீன் மூச்சுவிட்டதில் பைத் தண்ணீரில் கரியமில வாயு ஏறி, தண்ணீர் அமிலமாகியிருக்கும். அந்த அமிலத்தில், சேர்ந்துபோன அம்மோனியா பெரும்பாலும் விஷம் குறைந்த வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு பறக்கும், அமிலம் குறையும், அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷமாக மாறும். ஆகவே திறந்த பையில் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீர் விடுகிற பழக்கம், தூரத்துப் பார்சலுக்கு ஆகாது. கட்டிய பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, திறந்ததும் தாமதிக்காமல் மீனை வலையில் எடுத்து இறக்கிவிட வேண்டும். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. பையைக் கவிழ்த்து மீனோடு தண்ணீரையும் ஊற்றுகிறவரிடம் விலை உயர்ந்த மீனை விற்க எனக்குக் கை வராது.

நான் வேலை பழகியது மதுரையில் ஒரு கடையில். அங்கே கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க மருந்து. சரக்கு இறங்கியதும் முதலாளி எல்லாத் தொட்டியிலும் ஒரு மூடி நீலம், ஒரு மூடி மஞ்சள் ஊற்றச் சொல்வார். கடையே திருவிழா மாதிரி இருக்கும். சாயங்காலம் பார்த்தால் வடிகட்டியில் வாழ்கிற நல்ல பாக்டீரியா சேர்ந்து செத்திருக்கும், தண்ணீர் கலங்கும், அதற்கு வேறொரு பாட்டில் வாங்குவார். மருந்து விற்றவர் வாரம் தவறாமல் வந்துபோனார். தென்காசியில் தனியாகக் கடை போட்டபோது நான் எடுத்த முதல் தீர்மானம், முன்கூடத்தில் ஒரு தொட்டியைக் குறைத்துக்கொண்டு பின்னறையை மீனுக்கு ஒதுக்குவது.

அந்தப் பின்னறையில் பார்க்க ஒன்றும் இருக்காது. அடியில் கல் கிடையாது, செடி கிடையாது, வெறும் கண்ணாடி. மீன் ஒளிந்துகொள்ள பிளம்பர் மிச்சம் வைத்த பி.வி.சி. குழாய்த் துண்டு. ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒரு ஹீட்டர், ஒரு மூடி. வெளிச்சம் மங்கல். ஸ்பான்ஜை முன்கூடத்து நல்ல தொட்டியில் பல வாரம் ஊறப் போட்டு வைத்திருப்பேன். பாக்டீரியா ஏறிய ஸ்பான்ஜ் இல்லாமல் புது மீனைத் தனியே போட்டால் நோய்க்கு முன்னால் அம்மோனியா கொன்றுவிடும். பின்னறைக்குப் போன ஸ்பான்ஜ் முன்கூடத்துக்குத் திரும்பாது. வலை, பக்கெட், குழாய் எல்லாம் அந்த அறைக்குத் தனி. பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். காலையில் முதலில் முன்கூடத்து வேலை, கடைசியில்தான் பின்னறை. வரிசை மாறினால் சுவர் எழுப்பியதில் அர்த்தமில்லை. ஒட்டுண்ணி ஈரக் கையிலேயே நடந்து வந்துவிடும்.

ஒவ்வொரு பார்சலுக்கும் தனித் தொட்டி. ஒரே வியாபாரியிடமிருந்து ஒரு வாரம் கழித்து வந்ததும் வேறு தொட்டிதான். போன வாரச் சரக்கோடு இந்த வாரச் சரக்கைக் கலந்தால் இரண்டும் இந்த வாரச் சரக்காகிவிடும். நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டும். மூன்று வாரம் என் கணக்கு. டிஸ்கஸ் போன்றவற்றுக்கு நான்கு.

முதல் நாள் தீனி இல்லை, மருந்தும் இல்லை. பார்ப்பதுதான் வேலை. துடுப்பை விரித்து நீந்துகிறதா, ஒடுக்கி வைத்திருக்கிறதா. குழாயில் உடம்பைத் தேய்க்கிறதா. செவுள் இரண்டும் சேர்ந்து அடிக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா. ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினால் செவுள் புழு என்று சந்தேகப்பட வேண்டும். கழிவு தீனியின் நிறத்தில் துண்டாக விழுகிறதா, வெள்ளை நூலாகத் தொங்குகிறதா. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால், வெள்ளைப்புள்ளியைவிட நுண்ணிய மஞ்சள் தூசு தோலில் மினுங்குவது தெரியும். அது வெல்வெட் நோய். பகல் வெளிச்சத்தில் நேராகப் பார்க்கிறவர் கண்ணில் அது படவே படாது. முதல் நாளே மருந்து ஊற்றிவிட்டால் இந்தக் குறிகளில் பாதி மங்கிவிடும். மீனுக்கு என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

இரண்டாவது வாரம் மீன் தேறிவிடும். நிறம் ஏறும், கையைப் பார்த்ததும் ஓடி வரும். இனி முன்னால் வைத்தால் என்ன என்று தோன்றுவது அப்போதுதான். அந்த வாரத்தில் பின்னறையை எட்டிப் பார்த்த வாடிக்கையாளர் விரலை நீட்டி "இதைக் கொடுங்க அண்ணாச்சி" என்பார். கொடுப்பதில்லை. மூன்றாவது வாரம் நான் ஒரு காரியம் செய்வேன், சிலருக்குப் பிடிக்காது. முன்கூடத்திலிருந்து இரண்டு பிளாட்டியை எடுத்து அந்தத் தொட்டியில் விடுவேன். வந்த மீன் நோயைச் சுமந்துகொண்டே பழகிப்போய், தான் வாடாமல் இருக்கலாம். என் கடையில் நோயே காணாமல் வளர்ந்த பிளாட்டி வாடினால் விஷயம் வெளியே வந்துவிடும். இரண்டு பிளாட்டியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது பாவம்தான். முன்கூடத்தில் இருக்கிற மற்றதெல்லாம் அதைவிடப் பெரிய கணக்கு.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று யாராவது கேட்டால் நான் 2020-ஐத்தான் சொல்வேன். மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. பஸ் இல்லை, ரயில் இல்லை, கொளத்தூர்ப் பார்சல் இல்லை. குற்றாலம் அருவிகளில் குளிக்க ஆளை விடவில்லை. சாரல் வந்தது, சீசன் வரவில்லை. மீனுக்குத் தீனி போட மட்டும் கடையை அரைக்கதவாகத் திறந்து மூடினேன். கையிருப்பு விற்காமல் கிடந்தது; மாலியும் கப்பியும் பாட்டுக்குக் குஞ்சு போட்டுத் தொட்டியை நிறைத்தன. தண்ணீர் வழக்கம்போல ஆனியில் குளிர்ந்தது. மின்சாரமும் வழக்கம்போலப் போய்ப் போய் வந்தது. வெள்ளைப்புள்ளி மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஆடியில் மருந்து அலமாரியைத் துடைக்கத் திறந்தபோது பாட்டில்களில் மூடிகூடப் பிரிக்காமல் தேதி முடிந்திருந்தது. குளிர் அதே குளிர், தண்ணீர் அதே தண்ணீர், மீனும் அதே மீன். வராமல் போனது பார்சல் ஒன்றுதான்.

கடை மறுபடி நிமிர்ந்ததும் பின்னறையைப் பெரிதாக்கினேன், அலமாரியைச் சிறிதாக்கினேன். பின்னறைக்குச் செலவு உண்டு. மூன்று வாரத் தீனி, கரன்ட் பில், முடங்கிய முதல். பக்கத்துக் கடையைவிட என் மாலி ஜோடிக்குச் சில ரூபாய் கூடுதல்தான். "அங்கன கம்மியாத் தாராங்களே" என்பார்கள். தரட்டும். அந்த மாலி பெட்டியிலிருந்து இறங்கி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

இனி அலமாரி. எங்கள் தொழிலில் மருந்துக்கு நிறம்தான் பெயர்: நீலம், பச்சை, மஞ்சள். பல பாட்டில்களில் உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று அச்சே இருக்காது. அப்படிப்பட்ட பாட்டிலை நான் வாங்குவதை நிறுத்தி நாளாகிறது. உள்ளே இருப்பது தெரியாவிட்டால் அளவைக் கணக்குப் போடவே முடியாது.

அளவுதான் இங்கே உயிர். "எத்தனை லிட்டர் தொட்டி?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, "ரெண்டடித் தொட்டி" என்பார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் விளிம்புவரை 56 லிட்டர் சொச்சம். மேலே விட்ட இடம், கீழே கல், இரண்டையும் கழித்தால் 45 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதிகம். பொட்டாசியம் பெர்மாங்கனேட் நெடுநேரக் குளியலுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால், இந்தத் தொட்டிக்கு 90 மில்லிகிராம். விரலால் ஒரு சிட்டிகை எடுத்தாலே அதைப்போலப் பல மடங்கு வந்துவிடும். அதனால் மில்லிகிராம் காட்டுகிற ஒரு குட்டி டிஜிட்டல் தராசு என் அலமாரியிலேயே இருக்கிறது. எந்த மருந்தைவிடவும் அதிக மீனைக் காப்பாற்றியது அதுதான். பெர்மாங்கனேட் படிகம் ஈரம் படாமல் இருந்தால் வருஷக்கணக்கில் கெடாது. கரைத்து வைத்தால் கெடும். ஊதாக் கரைசல் பழுப்பாகிவிட்டால் அதில் வீரியம் இல்லை, கொட்டிவிட வேண்டியதுதான். தொட்டியிலும் அதே அடையாளம்: தண்ணீர் அழுக்காக இருந்தால் மருந்தை அழுக்கே தின்றுவிடும், ஊதா சீக்கிரமே பழுப்பாகும். முதலில் தண்ணீரை மாற்று, பிறகு மருந்தை நினை என்று அர்த்தம்.

சாரல் மாதங்களில் எங்கள் ஊரில் தீப்பெட்டியே நமுத்துப் போகும். மருந்து என்ன பாடு படும்! உப்பு கட்டியாகும், பொடி மருந்து ஈரம் இழுக்கும். கண்ணாடிப் புட்டியில் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அலமாரியைத் தொட்டிகள் இருக்கிற அறைக்கு வெளியே வைத்திருக்கிறேன். மீன் அறையின் ஈரக்காற்றில் மருந்தை வைப்பது எல்லாக் கடையிலும் நடக்கிறது. கைக்கு எட்டும் என்பது தவிர அதில் நன்மை இல்லை.

ஃபார்மலினை ஒருவர் குளிர்ச்சியான இடம் நல்லது என்று ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். அதற்கு மட்டும் குளிர் ஆகாது. அடியில் வெள்ளையாக மாவு படியும். அப்படிப் படிந்த ஃபார்மலின் மீனுக்கு இன்னும் கடுமையான விஷம். கலக்கி ஊற்றக் கூடாது, தூக்கிப் போட வேண்டும். நல்ல ஃபார்மலினும் தண்ணீரில் ஆக்சிஜனைக் குறைக்கும். 40 லிட்டருக்கு 1 மில்லிக்கு மேல் நீண்ட குளியலுக்குப் போடுவதில்லை, ஏர் பம்ப் ஓடாமல் போடுவதே இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு அளப்பேன். மனிதனுக்கும் புற்றுநோய் தரக்கூடியது அது. பச்சை மருந்து, அதாவது மாலகைட் கிரீன், அதற்கும் அதே மரியாதை. தின்கிற மீனுக்கு அதைத் தொடவே கூடாது என்று பல நாடுகளில் தடை. இந்த இரண்டையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிற வழக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பதறும். பிள்ளைகள் வந்துபோகிற கடை இது.

நீல மருந்து, மெதிலின் ப்ளூ, முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க நல்லது. மற்றபடி அது மீனுக்குச் செய்வதைவிட மீன் வளர்ப்பவரின் மனதுக்குச் செய்வது அதிகம் என்பது என் அபிப்பிராயம். வெளிச்சம் படாத பழுப்பு பாட்டிலில் வைத்தால் நெடுநாள் தாங்கும். ஹைப்போ கட்டாயம் உண்டு. முன்பு ஸ்டுடியோக்காரர்கள் போட்டோ கழுவ வைத்திருந்த அதே படிகம்தான். குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரினை நொடியில் முறிக்கும். தாமிரபரணிக் குடிநீர் வருகிற அன்று குளோரின் வாசனை தூக்கலாக இருந்தால் அது இல்லாமல் தண்ணீர் மாற்ற மாட்டேன். செவுள் புழுவுக்குப் பிராசிக்வான்டெல், குடல் புழுவுக்கு லெவாமிசோல், இரண்டும் சின்னப் புட்டியில். எல்லாப் புட்டியிலும் வாங்கிய தேதி, திறந்த தேதி என்று இரண்டு தேதி ஒட்டியிருக்கும். கம்பெனி அச்சடித்த தேதி மூடி திறக்காத பாட்டிலுக்குத்தான் பொருந்தும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் செலவாவது கல்லுப்பு. அயோடின் சேர்க்காத சாதாரணக் கல்லுப்பு, லிட்டருக்கு 1 முதல் 3 கிராம், கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. பயணத்தில் சோர்ந்து வந்த மாலிக்கும் கோல்டு ஃபிஷ்ஷுக்கும் அதுவே பாதி வைத்தியம். டெட்ராவுக்கும் கெளுத்தி இனத்துக்கும் கை அடக்கிப் போட வேண்டும். செடி இருக்கிற தொட்டிக்கு வேண்டாம். தூத்துக்குடி உப்பு மூட்டையாகவே கிடைக்கிற ஊரில், வெளிநாட்டு அட்டைப்பெட்டியில் "அக்வேரியம் சால்ட்" என்று விற்பதை வாங்குகிறவர்களைப் பார்த்தால் வியாபாரி என்ற முறையில் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஆன்டிபயாட்டிக் என் அலமாரியில் கிடையாது. மெடிக்கலில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கி, உடைத்துத் தொட்டியில் கொட்டுகிற வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. எங்கள் கடைத்தெருவின் போர் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து டெட்ராசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மீனுக்குப் போய்ச் சேருவது சொற்பம். வடிகட்டி பாக்டீரியா வேறு அடிபடும். பழசாகிப்போன டெட்ராசைக்ளின் மனிதனுக்கே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று 1960-களிலேயே கண்டிருக்கிறார்கள். மேசை இழுப்பறையில் கிடந்ததை மீனுக்குப் போடலாம் என்று யாருக்குத் தோன்றியதோ. குளோராம்ஃபெனிக்கால், நைட்ரோஃப்யூரான் வகைகள் உணவுக்கான மீன், இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. "இது திங்கிற மீன் இல்லியே" என்று பதில் வரும். தொட்டியைக் கழுவிக் கொட்டுகிற தண்ணீர் எங்கே போகிறது? வாய்க்கால், சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணி. அதில் தின்கிற மீனும் இருக்கிறது, குடிக்கிற ஊரும் இருக்கிறது.

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் ஒன்று. குற்றாலத்துத் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், மீனுக்கு நல்லது என்று கேனில் பிடித்துவந்து தொட்டியை நிரப்புகிறவர்கள் உண்டு. பாறையில் விழுந்து வருகிற மழைத் தண்ணீர் அது, மிகவும் மென்மை. டெட்ராவுக்குப் பிடிக்கும். உப்புச் சத்துள்ள கடினத் தண்ணீரில் வளர்ந்த மாலிக்கு ஆகாது. இருந்த இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டு நிற்கும். அதை நோய் என்று நினைத்து நீலம் ஊற்றுவார்கள். சிற்றாற்றுப் பாசியையும் நத்தையையும் கொண்டுவந்து போடுகிறவர்கள் கூடவே நங்கூரப் புழுவையும் மீன் பேனையும் கொண்டுவரலாம். ஆற்றுச் செடிக்கும் பின்னறை வாசம் வேண்டும். மீன் இல்லாத வாளியில் நாலு வாரம் கிடந்தால் ஒட்டுண்ணிகளில் பலதும் பட்டினியில் ஒழியும்.

அரசாங்கத்துக்கு இந்தக் காத்திருப்பின் அருமை தெரியாமல் இல்லை. 2009-இல் வெளிநாட்டு வன்னாமி இறாலை அனுமதித்தபோது, தாய் இறால் முதலில் சென்னை நீலாங்கரைத் தனிமைக்கூடத்தில் தங்கிப் பரிசோதனை முடிந்த பிறகே பொரிப்பகத்துக்குப் போகலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ராஜீவ் காந்தி நீருயிரி வளர்ப்பு மையம் நடத்துவது. இறாலில் ஏற்றுமதிப் பணம் இருக்கிறது. வண்ணமீன் கடைகளுக்கென்று 2017 மே மாதம் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பப் பெறப்பட்டது. பலது நடைமுறைக்கு ஒவ்வாத விதி, நானும் எதிர்த்தேன். ஆனால் மீனைத் தனியே வைத்துப் பார்த்த பிறகு விற்பது என்ற ஒன்றை மட்டும் நாங்களே எடுத்துக்கொண்டிருக்கலாம். காரணம் புரியாமல் மீன் கொத்தாகச் சாகும்போது 1977 முதல் இயங்குகிற தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ஐஸில் வைத்த செத்த மீனைவிட, ஆக்சிஜன் பையில் சாகக் கிடக்கிற மீன் அவர்களுக்கு உதவும்; செத்த மீனில் கொன்றது எது, செத்தபின் வந்தது எது என்று பிரிப்பது கடினம்.

நோய் மீனுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டிக்குள் கைவிட்டு, வாரங்கள் கழித்து விரலில் ஆறாத கட்டி வந்தவர்களை எங்கள் தொழிலில் பார்க்கலாம். அதற்குக் காரணம் காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, 1926-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா மீன்காட்சியகத்து மீன்களில் கண்டுபிடித்தது. டாக்டரிடம் போகும்போது "எனக்கு மீன் தொட்டி வேலை" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு அந்தப் பக்கம் யோசனை போகாது.

லாட்ஜ்காரர்களோடுதான் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர்களுக்குச் சீசன் மூன்று மாதம், அதில் மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னால் கோபம் வரும். "நாளைக்கு ஆள் வருது, தொட்டி காலியா கெடந்தா நல்லாவா இருக்கும்? நீரு மீனு விக்கிறீரா, மீனுக்கு ஆஸ்பத்திரி நடத்துறீரா?" என்று ஒருவர் கேட்டார். இப்போது வைகாசி பிறந்ததும் போன் போட்டுவிடுகிறேன். சாரலுக்கு என்ன வேண்டும் என்று வைகாசியில் சொன்னால் ஆனியில் மீன் தயார். பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் ஆனியில் வந்து வேறு கடையில் வாங்கி, ஆடியில் மருந்துக்கு என்னிடம் வருகிறார்கள். மருந்து விற்கிறேன், ஹீட்டரையும் சேர்த்துத்தான்.

வீட்டில் ஒரே தொட்டி வைத்திருப்பவருக்கும் இது முடியாத காரியமில்லை. இன்னொரு கண்ணாடித் தொட்டி வேண்டாம். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப் போதும், மருந்தோ ரசாயனமோ தொடாத புதிது. ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்றை வாங்கி இன்றைக்கே பெரிய தொட்டியின் மூலையில் போட்டு வையுங்கள். புது மீன் வாங்குகிற அன்று எடுத்து டப்பில் வைத்தால் வேலை முடிந்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், மிச்சத் தீனியை உறிஞ்சி எடுங்கள், ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று வாரம் முடிந்ததும் டப்பைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கவிழ்த்துவிடலாம். சாரல் மாதம் என்றால் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம், உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி அடுப்பங்கரைப் பக்கம் காயவிடுங்கள். வலை மட்டும் இரண்டாக வாங்குங்கள். இரண்டாவது வலைக்கு நான் காசு வாங்குவதில்லை.